காத்திருக்கும் சாஸ், காத்திருக்காத சாஸ்: இரண்டு ஆல்ஃப்ரெடோக்கள்

வீட்டில் நாலு பேருக்கு அரை மணி நேரத்தில் வழவழப்பான பாஸ்தா ஒன்று செய்ய வேண்டுமென்று சமையல் குறிப்புகளைப் புரட்டினால், அவற்றில் பாதி ஃபெட்டுச்சினி ஆல்ஃப்ரெடோவில் கொண்டுபோய் நிறுத்தும். பட்டையான நாடாப் பாஸ்தா, அதன்மேல் வெள்ளையாக, மினுமினுப்பாகப் படிந்திருக்கும் சாஸ். பெயர் ஒன்றுதான் என்றாலும் அந்தப் பெயரில் இரண்டு உணவுகள் உலவுகின்றன. ரோம் நகரத்து ஆல்ஃப்ரெடோவில் வெண்ணெய், பார்மிஜானோ சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர் ஆகிய மூன்றே பொருள்கள். கிரீம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அமெரிக்க ஆல்ஃப்ரெடோவுக்கு கிரீம்தான் அடித்தளம். கூடவே பூண்டு, மிளகு, பெரும்பாலும் கோழித் துண்டுகள்.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்கள் சீக்கிரமே எது அசல், எது போலி என்ற பஞ்சாயத்தில் இறங்கிவிடுகிறார்கள். தீர்ப்பும் ஊரறிந்ததுதான்: ரோம் அசல், அமெரிக்கா கலப்படம். இரவு ஏழரை மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பவருக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. அவருக்குப் பயன்படும் கேள்வி வேறு. சாஸின் வழவழப்பை உண்டாக்குவது யார்? ரோம் முறையில் சமைப்பவரின் கை அதை உண்டாக்குகிறது, அதுவும் கடைசி இரண்டு நிமிடத்தில். அமெரிக்க முறையில் அது கிரீமுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. நேரம், செலவு, சுவை, யார் எப்போது சாப்பிடலாம் என்ற மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரே பெயர், இரண்டு பிறப்புகள்

ஆல்ஃப்ரெடோ தி லெலியோ (1882–1959) ரோம் நகரத்துச் சமையற்காரர். பியாத்ஸா ரோஸா என்ற சதுக்கத்தில் அவருடைய தாய் அஞ்சலினா நடத்திய சிறிய உணவகத்தில் வேலை பார்த்துவந்தார். 1908இல் மகன் பிறந்தபின் மனைவி இனேஸுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, உடம்பு தேறட்டும் என்று வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சேர்த்து ஃபெட்டுச்சினி செய்து கொடுத்தார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். 1914இல் வியா தெல்லா ஸ்க்ரோஃபா தெருவில் தன் பெயரிலேயே உணவகம் திறந்தார்.

பாஸ்தாவில் வெண்ணெயும் சீஸும் போடுவதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டுச் சமையற்காரர் மார்த்தினோ எழுதிய நூலிலேயே ரோமானிய மக்கரோனிக்கு வெண்ணெயும் சீஸும் வாசனைப் பொடியும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. இத்தாலிய வீடுகளில் குழந்தைகளுக்கும் வயிறு சரியில்லாதவர்களுக்கும் இன்றுவரை கொடுப்பது இதன் எளிய வடிவத்தைத்தான். ஆல்ஃப்ரெடோ அதில் சேர்த்தவை இரண்டு. ஒன்று, வெண்ணெயின் அளவு. மற்றது, சாப்பிட வந்தவரின் மேசைக்கே தட்டைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரில் கரண்டியாலும் முள்கரண்டியாலும் தூக்கித் தூக்கிக் கலக்கும் காட்சி. அது வெறும் வேடிக்கை இல்லை. அந்தச் சாஸை அந்த இடத்தில், அந்த நேரத்தில் கலக்கினால்தான் சாப்பிட முடியும் என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

1920இல் தேனிலவுக்கு ஐரோப்பா வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் இங்கே சாப்பிட்டார்கள். பின்னர் 1927இல் தங்கக் கரண்டியும் முள்கரண்டியும் பரிசளித்தார்கள் என்பது உணவகத்தின் பெருமை. அதற்குள் அமெரிக்கப் பயணிகளிடையே அந்தத் தெருவின் பெயர் பரவிவிட்டது. சின்க்ளேர் லூயிஸ் 1922இல் வெளியிட்ட ‘பேபிட்’ நாவலில், ஐரோப்பா போய்வந்த பெருமையைக் காட்டிக்கொள்ளும் ஒரு பாத்திரம் இந்தத் தெருவின் ஃபெட்டுச்சினியைக் குறிப்பிடுகிறது. போர்க்காலத்தில், 1943இல், ஆல்ஃப்ரெடோ அந்த உணவகத்தைத் தன் பணியாளர்களுக்கே விற்றார். 1950இல் மகனோடு சேர்ந்து பியாத்ஸா அகுஸ்தோ இம்பெரத்தோரே சதுக்கத்தில் வேறொன்றைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் நடக்கின்றன. இரண்டுமே தாங்கள்தான் மூலம் என்கின்றன. இத்தாலியில் வேறெங்கும் போய் ‘ஆல்ஃப்ரெடோ’ என்று கேட்டால் பெரும்பாலும் புரியாது. வெண்ணெய் ஃபெட்டுச்சினி என்றுதான் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பிய அமெரிக்கர்கள் கொண்டுபோனது நினைவை மட்டும்தான். அந்தச் சீஸும் அந்தக் கைப்பழக்கமும் கூடப் போகவில்லை. வீட்டில் முயன்றபோது சீஸ் கட்டிகட்டியாகி, வெண்ணெய் தனியே ஒதுங்கியது. அதைச் சேர்த்துப் பிடிக்க எளிய வழியாக கிரீம் வந்தது. 1966இல் பென்சில்வேனியா டச் என்ற நூடுல்ஸ் நிறுவனம் ஃபெட்டுச்சினிப் பொட்டலத்தோடு தந்த ஆல்ஃப்ரெடோ குறிப்பில் வெண்ணெய், பார்மிசான் ஆகியவற்றோடு கிரீமும் ஸ்விஸ் சீஸும் இடம்பெற்றன. 1982இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஆலிவ் கார்டன் உணவகத்தைத் தொடங்கியது. அது நாடெங்கும் கிளை விட்டபின் கிரீம் ஆல்ஃப்ரெடோ அமெரிக்கக் குடும்பங்களின் வாடிக்கைச் சாப்பாடாயிற்று; பாட்டிலில் அடைத்த ஆல்ஃப்ரெடோ சாஸ் கடை அலமாரிக்கு வந்தது. பாட்டிலில் அடைக்க முடிந்ததும் கிரீமால்தான். ரோம் சாஸை ஐந்து நிமிடம் வைத்திருப்பதே பெரிய காரியம்.

பாத்திரத்துக்குள் நடப்பது

வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி; ஐரோப்பிய வெண்ணெயில் பெரும்பாலும் 82 இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சூடான பாஸ்தாவில் வெண்ணெயைப் போட்டு விட்டுவிட்டால் அது எண்ணெயாக உருகி அடியில் தேங்கும். அதைச் சாஸாக்க, அந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக உடைந்து தண்ணீரில் பரவ வேண்டும். பரவிய துளிகள் மறுபடி கூடிவிடாமல் நடுவில் ஒரு தடுப்பும் வேண்டும். ரோம் முறையில் தடுப்பாக நிற்பவை சீஸிலுள்ள பால் புரதமும், பாஸ்தா வேகும்போது தண்ணீரில் இறங்கிய மாவுச்சத்தும். உடைக்கும் வேலை முழுவதும் கையினுடையது.

நாலு பேருக்கு 350 கிராம் உலர்ந்த ஃபெட்டுச்சினி, 120 கிராம் வெண்ணெய், பொடிப்பொடியாகத் துருவிய 180 கிராம் பார்மிஜானோ என்று வைத்துக்கொள்வோம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். பரிமாறும் தட்டை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பாஸ்தா வேக வழக்கமாக 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பார்கள்; இதற்கு இரண்டு லிட்டரே போதும், தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டிப்படும். எண்ணெய் ஊற்றக் கூடாது. வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசவே கூடாது. அலசினால் சாஸைப் பிடித்துக்கொள்ள வேண்டிய மாவு அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும்.

பாஸ்தா நறுக்கென்ற பதத்தில் வெந்ததும் இடுக்கியால் அப்படியே அள்ளி, அடுப்பிலிருந்து இறக்கிய அகன்ற வாணலியில் வெண்ணெயின் மேல் போட்டு, ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீரையும் ஊற்றிக் கிளற ஆரம்பித்தால், முதலில் பார்க்க ஏமாற்றமாகவே இருக்கும். அடியில் மஞ்சள் நிறத்தில் தண்ணியாக ஏதோ ஓடும். ஒரு பிடி சீஸைத் தூவி, பாஸ்தாவைத் தூக்கித் தூக்கி விழவிட்டுக் கிளறினால் அந்த மஞ்சள் தண்ணீர் மெல்ல வெளுக்கும். இரண்டாவது பிடிக்கு அது பால்நிறமாகிப் பாஸ்தாவோடு எழும்பத் தொடங்கும். மூன்றாவது பிடியில் வாணலியின் அடியில் ஒன்றும் ஓடாது; எல்லாம் பாஸ்தாவின் மேல் ஏறியிருக்கும். கிளறும் ஓசையே மாறிவிடும்: சலசலவென்று கேட்டது சொதசொதவென்று கேட்கும். அந்த ஓசை வந்ததும் நிறுத்திப் பரிமாறிவிட வேண்டும்.

தவறுவதற்கு இங்கே வழிகள் உண்டு. வாணலி அடுப்பிலேயே இருந்தால் சீஸின் புரதம் சுருங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இடுக்கியின் நுனியில் இழை இழையாகச் சீஸும், அடியில் தெளிந்த நெய்யும் தனித்தனியாகக் கிடக்கும். சூடு போதாவிட்டால் வெண்ணெய் உறைந்து பாஸ்தாவில் மெழுகாகப் படியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சூட்டில், சில நிமிட நேரம் மட்டும், சாஸ் சாஸாக இருக்கிறது.

மாவுச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதை இத்தாலிய இயற்பியலாளர்கள் குழு ஒன்று அளந்தே பார்த்திருக்கிறது. 2025இல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த அவர்களின் கட்டுரை, ரோமின் இன்னொரு புகழ்பெற்ற பாஸ்தாவான காச்சோ எ பேப்பேயைப் பற்றியது. அதில் பெக்கொரீனோ சீஸும் மிளகும் கஞ்சித் தண்ணீரும் மட்டுமே. சீஸின் எடையில் மாவுச்சத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால் சாஸ் கட்டிதட்டுகிறது, இரண்டிலிருந்து மூன்று சதவீதம் இருந்தால் சூடு சற்று ஏறினாலும் தாங்குகிறது என்று கண்டார்கள். பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவு எவ்வளவு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே சோள மாவையோ உருளைக்கிழங்கு மாவையோ தண்ணீரில் காய்ச்சிச் சேர்த்துவிடுவது மேல் என்பது அவர்கள் யோசனை. வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் அவ்வாண்டு இயற்பியல் பிரிவில் அதற்குக் கிடைத்தது. ஆல்ஃப்ரெடோவில் வெண்ணெயும் இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சீஸ் கட்டிதட்டும் காரணம் ஒன்றுதான். 180 கிராம் சீஸுக்கு நாலைந்து கிராம் கார்ன்ஃப்ளார், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிச் சேர்த்தால் புதியவர்களுக்கும் கை தப்பாது.

அமெரிக்க முறையில் இந்தப் பதற்றம் எதுவும் கிடையாது. கிரீம் என்பதே தண்ணீரில் கொழுப்புத் துளிகள் பரவி நிற்கும் கலவை. பசுவும் பண்ணையும் சேர்ந்து அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டன. அமெரிக்காவில் ஹெவி கிரீம் என்று விற்க வேண்டுமானால் 36 சதவீதத்துக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு அவ்வளவு இருக்கும்போது அதனோடு ஒப்பிடப் புரதம் குறைவு, கொதித்தாலும் திரிவதில்லை. நாலு பேருக்கு 60 கிராம் வெண்ணெயை உருக்கி, நசுக்கிய பூண்டு வாசம் வரும்வரை வதக்கி, 350 மில்லி கிரீமை ஊற்றிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அப்போது தீயைக் குறைத்து 120 கிராம் சீஸைச் சேர்த்தால் கரைந்துவிடும். கலக்குவதற்குத் தனிக் கைவாகு வேண்டியதில்லை. பாஸ்தா வேகத் தாமதமானால் சாஸ் மூடி போட்டுக் காத்திருக்கும். கெட்டிப்பட்டால் கொஞ்சம் பாலோ கஞ்சித் தண்ணீரோ விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

எது சீக்கிரம்?

இரண்டிலும் பெரும்பொழுதைத் தின்பது தண்ணீர் கொதிப்பதுதான். அதன்பின் கடையில் வாங்கும் உலர்ந்த பாஸ்தா 10, 12 நிமிடத்தில் வேகும். முட்டை போட்டு வீட்டில் பிசைந்த புதுப் பாஸ்தாவுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். ரோம் சாஸுக்கென்று தனி நேரமே இல்லை, பாஸ்தா வெந்தபின் இரண்டு நிமிடம். கிரீம் சாஸுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அது பாஸ்தா வேகும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

வேறுபாடு நேரத்தின் அளவில் இல்லை, அதன் தன்மையில் இருக்கிறது. கிரீம் வழியின் பத்து நிமிடத்தில் நடுவே போன் எடுக்கலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், கோழியைப் புரட்டலாம். ரோம் வழியின் இரண்டு நிமிடத்தில் கதவு மணி அடித்தால் வேறு யாராவதுதான் திறக்க வேண்டும்.

நம் வீட்டுத் தோசையையும் குருமாவையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தோசை கல்லிலிருந்து தட்டுக்கு வரவேண்டும். குருமா சட்டியிலேயே இருந்து, யார் எப்போது வந்தாலும் பசியாற்றும். ரோம் ஆல்ஃப்ரெடோ முதல் வகை, அமெரிக்க ஆல்ஃப்ரெடோ இரண்டாவது வகை. ஆனால் ஓரிடத்தில் தோசைக் கணக்கு உடைகிறது. தோசை ஒவ்வொன்றாக வருவதால் வார்ப்பவர் கடைசியில்தான் உட்காருவார். ரோம் ஆல்ஃப்ரெடோவில் நாலு பேர் பங்கும் ஒரே வாணலியில், ஒரே கிளறலில் தயாராகிறது. சமைத்தவரும் மற்றவர்களோடு சேர்ந்தே உட்காரலாம். உட்கார வேண்டும் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அவர் பங்கும் ஆறிக்கொண்டிருக்கிறது.

சீஸைக் காட்டுவதும் மறைப்பதும்

ரோம் வழியில் மூன்றே பொருள்கள் என்பதால் சீஸ்தான் கதாநாயகன். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரை வடஇத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா மாவட்டங்களும் பொலோஞ்ஞா, மான்தொவா மாவட்டங்களின் குறிப்பிட்ட பகுதிகளும் மட்டுமே பயன்படுத்தலாம். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் போகிறது. முதிர முதிரச் சீஸில் உப்பும் வறுத்த கொட்டைகளின் மணமும் கூடும். வெண்ணெய் அந்தச் சுவையை மழுக்காமல் நாக்குக்குக் கொண்டுசேர்க்கும். சீஸ் மட்டமானால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கிரீம் செய்வது வேறு. அது நாக்கில் படிந்து உப்பையும் மணத்தையும் அடக்கிவிடும். அதனால்தான் அமெரிக்க முறைக்குப் பூண்டும் மிளகும் சில வீடுகளில் ஜாதிக்காயும் தேவைப்படுகின்றன. மறுபக்கம், சுமாரான சீஸையும் அது ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் ‘பார்மிசான்’ என்ற பெயருக்கு இத்தாலிய ஊர்க்கட்டுப்பாடு இல்லை. உள்நாட்டிலேயே செய்து குறைந்தது பத்து மாதம் முதிர வைத்தால் போதும். அந்தச் சீஸை ரோம் வழியில் போட்டால் வெறுமை தெரியும். கிரீமில் போட்டால் குறை தெரியாது. கிரீமை இறக்கம் என்று பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று இது: எட்டாத விலைச் சீஸை வாங்க முடியாத வீடுகளுக்கும் இந்த உணவைக் கொண்டுபோனது கிரீம்தான்.

தட்டில் எவ்வளவு, எதற்கு?

இத்தாலியச் சாப்பாட்டு வரிசையில் பாஸ்தா முதல் சுற்று. ஆளுக்கு 80, 90 கிராம் பாஸ்தா சாப்பிட்டபின் இறைச்சியோ மீனோ காய்கறியோ தனித் தட்டில் வரும். அமெரிக்க மேசையில் ஆல்ஃப்ரெடோ தட்டே முழுச் சாப்பாடு. அதனால்தான் அதில் கோழியும் இறாலும் பிராக்கொலியும் ஏறிக்கொண்டன. கிரீம் சாஸ் அவற்றைத் தாங்கும் அளவுக்கு ஏராளமாக இருக்கிறது. ரோம் சாஸ் பாஸ்தாவின் மேல் ஒரு படலம்தான். அதில் கோழியைப் போட்டால் கோழி வறண்டு தனியே நிற்கும். பிராக்கொலியைப் போட்டால் அதன் தண்ணீர் இறங்கிக் கலவை உடையும்.

வெண்ணெயின் அளவைப் பார்த்து ரோம் முறைதான் கொழுப்பு மிகுந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் வேறு விடை வருகிறது. ரோம் முறையில் வெண்ணெயிலிருந்து ஏறக்குறைய 98 கிராம், சீஸிலிருந்து 54 கிராம், மொத்தம் 150ஐ ஒட்டிய கொழுப்பு. ஆளுக்கு 38 கிராம். அமெரிக்க முறையில் வெண்ணெய் 48, கிரீம் 126, சீஸ் 35 என்று 200ஐத் தாண்டுகிறது. ஆளுக்கு 52 கிராம், அதுவும் கோழியைக் கணக்கில் சேர்க்காமல். ரோம் முறையில் வழவழப்பின் ஒரு பகுதி தண்ணீராலும் மாவாலும் கிடைப்பதால் கொழுப்பு குறைவாகச் செலவாகிறது. இரண்டுமே தினசரிச் சாப்பாடில்லை என்பது தனி விஷயம்.

மிச்சம் விழுந்தால் கதை மாறுகிறது. ரோம் ஆல்ஃப்ரெடோவை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் வெண்ணெய் கசிந்து சீஸ் இறுகும். என்ன செய்தாலும் முதல் நாள் பதம் வராது. கிரீம் ஆல்ஃப்ரெடோவும் உறைந்து கட்டியாகும், ஆனால் கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் கிளறினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். காலையில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குப் போகத்தக்கது அதுதான்.

நம் கடைச் சரக்கில்

இந்தியக் கடைகளில் சாமான் வாங்கிச் செய்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பரவலாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். அமெரிக்கக் குறிப்பில் சொல்வதுபோல அதை நெடுநேரம் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்கக் கூடாது. திரியும் வாய்ப்பு அதிகம். கடைசியில் சேர்த்து, சிறு தீயில், ஒரு கொதி வருமுன் இறக்கிவிடுவதே நல்லது. சாஸ் நீர்த்திருந்தால் சீஸாலும் கஞ்சித் தண்ணீராலும் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம்.

நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது உப்பிட்ட வெண்ணெய். ரோம் வழியில் சீஸும் உப்பு, வெண்ணெயும் உப்பு என்றாகும்போது பாஸ்தாத் தண்ணீரில் வழக்கமான லிட்டருக்குப் பத்து கிராம் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது.

சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு தகவல் முக்கியம். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள், விதியே அப்படி. வெண்ணெயும் சீஸும்தானே என்று சைவமாக எண்ணி வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்து பச்சைப் புள்ளியிட்ட முதிர்ந்த சீஸ்கள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. அவற்றின் சுவை மெலிதானால் கிரீம் வழி பொருத்தம்.

க்யூபாகக் கிடைக்கும் புராசஸ்டு சீஸ் தனி ரகம். அதில் சேர்த்திருக்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் புரதம் பின்னிக்கொள்வதைத் தடுப்பதால் எந்தச் சூட்டிலும் அது கட்டிதட்டாது. ரோம் வழியில் போட்டாலும் வழவழவென்று வரும். சுவையில் அது பார்மிஜானோவின் பக்கத்தில்கூட நிற்காது. நம் ஊர் கஃபேக்களில் ‘ஒயிட் சாஸ் பாஸ்தா’ என்று வருவதோ மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சிய சாஸ். அது பிரெஞ்சு பெஷமெல்லின் வம்சம், இவ்விரண்டு ஆல்ஃப்ரெடோக்களுக்கும் சொந்தமில்லாதது.

எந்த இரவுக்கு எது?

ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த இந்த ஒப்பீட்டில் இடமில்லை. ரோம் ஆல்ஃப்ரெடோ சாமானைக் குறைத்துக் கவனத்தைக் கூட்டுகிறது; அமெரிக்க ஆல்ஃப்ரெடோ கொழுப்பைக் கூட்டிக் கவனத்தைக் குறைக்கிறது. கிரீமின் பெரிய கொடை சுவையைவிட அவகாசம். டியூஷன் முடிந்து ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், பால்கனியில் போன் பேசி முடித்து ஒருவர் என்று ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் வார நாள் இரவுகளில் ரோம் வழியைப் பிடிவாதமாகச் செய்வது நல்ல சீஸை வீணாக்கும் வேலை. அன்றைக்குக் கிரீமே சரி. அதில் கோழியோ காளானோ போட்டுவிட்டால் தனித் தொடுகறியும் வேண்டாம்.

எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு வேறு மாதிரி. நல்ல சீஸ் ஒரு துண்டு கையில் இருந்து, பாஸ்தா வடியும்போதே எல்லோரும் தட்டோடு உட்காரச் சம்மதித்தால், ரோம் வழிக்கு ஈடில்லை. முதன்முறை செய்பவர்கள் கார்ன்ஃப்ளார் கஞ்சியைக் கூட வைத்துக்கொண்டால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் வெறும் வெள்ளரிக்காய்த் துண்டும் எலுமிச்சையும் இருந்தால் வெண்ணெயின் கனம் தெரியாது. ஆகவே கடைக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டியது குறிப்புப் புத்தகத்தை அல்ல, இன்றைக்கு யார் யார் எத்தனை மணிக்கு வீடு வருகிறார்கள் என்பதை. கிரீம் வாங்குவதா சீஸ் வாங்குவதா என்பதை அந்தப் பதிலே முடிவு செய்துவிடும்.